அடுப்படி ஜன்னலில் ஜெய்ப்பூர்

சாத்தூரில் என் அண்ணன் வீட்டு அடுப்படி ஜன்னலில் ஒரு காலண்டர் படம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒட்டியிருக்கிறது. படம் தெருவைப் பார்த்து, வெள்ளை முதுகு வீட்டுக்குள். புதிதாக வருகிறவர்கள், வெயிலுக்கு மறைப்பாகப் பழைய தாள் எதையோ ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். காலை எட்டு மணிக்குக் கிழக்கு வெயில் அந்தக் கண்ணாடியில் ஏறும்போதுதான் விஷயம் தெரியும். வெள்ளைத் தாளுக்குள்ளிருந்து மெல்ல ஒரு மாளிகை எழுந்து வரும். தேன்கூட்டை நிமிர்த்தி வைத்ததுபோல அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன ஜன்னல்கள், கீழே கடைகள், இடது கை ஓரத்தில் ஒரு தெருமுக்கு, முக்கில் குவித்த சாமந்திப் பூ. பத்து மணிக்கு வெயில் கூரைக்கு மேல் போய்விட்டால் மாளிகை மறுபடியும் தாளுக்குள் போய்விடும். யாராவது, "எதுக்கு இதைத் திருப்பி ஒட்டியிருக்கீக?" என்று கேட்டால் மதினி கையிலிருக்கும் கரண்டியால் என்னைக் காட்டுவார். மீதியை நான்தான் சொல்லியாக வேண்டும். பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் கொஞ்சம் வீரனாக்கிப் பார்ப்பேன். மதினியின் கரண்டி உடனே உயரும். எனவே இங்கே நடந்தபடியே எழுதுகிறேன்.

மதினி என்றால் அண்ணன் மனைவி. அண்ணன் கல்யாணத்தில் நான் அரை டவுசர் போட்ட பயல். எனக்கும் மதினிக்கும் அன்றைக்கே கேலிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கொழுந்தனுக்கும் மதினிக்கும் அந்த உரிமையை எங்கள் பக்கத்தில் யாரும் பறிக்க முடியாது. அண்ணன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மதினி நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தீக்காய வார்டில் போட்டார்கள். மற்ற நர்சுகள் ஆறு மாதத்தில் அழுது மாற்றல் வாங்கிப் போனார்கள். மதினி மட்டும் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே இருந்தார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு அழுக வரலை, அதான் வச்சுக்கிட்டாக" என்றார். அது கேலியா உண்மையா என்று இன்றுவரை தெரியாது.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று எங்கள் பக்கத்தில் மழைக்காலம், பனிக்காலம், இலையுதிர்காலம் என்று எதுவும் பெரிதாகக் கிடையாது. ஆவணி பிறந்ததும் தொடங்கித் தீபாவளியோடு முடிகிற ஒரே ஒரு காலம் உண்டு. அதன் பெயர் சீசன். பட்டாசு ஆபீஸ்களில், தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ராத்திரி பகலாக ஆர்டர். லாரிகளில் லோடு மேல் லோடு வடக்கே போகும். எங்கள் அச்சகங்களில் அடுத்த வருஷத்துக் காலண்டர் வேலை அதே மாதங்களில்தான் கழுத்தைப் பிடிக்கும். சீசனில் கல்யாணம் வைத்தவனை ஊரே திட்டும். செத்துப் போகிறவர்கள்கூடக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் நல்லது என்று நினைக்கிற மாதங்கள் அவை.

அந்த மாதங்களில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களுக்குக் கால் தானாக ஓடும். சத்தத்துக்கு எதிர்த்திசையில், திறந்தவெளி பார்த்து. ஓடி முடித்த பிறகுதான் திரும்பி நின்று எந்தப் பக்கம் புகை என்று பார்ப்போம். சின்ன வயதில் நானும் இரண்டு வருஷம் பட்டாசு ஆபீஸில் பெட்டி ஒட்டியவன்தான். ஓடுவதை அங்கே யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருதரம் சத்தம் கேட்டால் போதும், கால் கற்றுக்கொள்ளும். மதினிக்கு மட்டும் வேறு பழக்கம். சத்தம் கேட்டால் அப்படியே நின்று எண்ணுவார். ஒரு அறைக்கு நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்பது பட்டாசு ஆபீஸ் விதி. ஒரு சத்தம் என்றால் ஒரு அறை. அதனால் மதினி சத்தத்தை எண்ணி, நாலால் பெருக்கி, போன் வருவதற்கு முன்பே அத்தனை கட்டிலில் துணி விரிக்கச் சொல்லிவிடுவார். கரடுமுரடான விரிப்பு காயத்தில் ஒட்டும் என்று, துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டிகளைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கி மடித்து வைத்திருப்பார். எங்கள் தெருவில் ஒரு கிழவர்கூடக் கிழிந்த வேட்டியைத் தூக்கிப் போட்டதில்லை. எல்லாம் மதினிக்கு.

பிரச்சினை என்னவென்றால், எண்ணுவது வார்டோடு நிற்கவில்லை. வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் எண்ணுவார். தீபாவளியன்று தெருப் பிள்ளைகள் வெடி போட்டாலும் உதடு அசையும். நாங்கள் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனாலும் தீபாவளிக்குக் கறி எடுக்காமல் இருந்ததில்லை. அந்தக் கறிச்சோறைக்கூட மதினி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அன்றைக்கு எப்போதும் டூட்டி. லீவு கேட்டு எழுதுவார், ஒவ்வொரு வருஷமும் இல்லை என்று வரும். அது யார் குற்றமும் இல்லை. அந்த மாதத்தில் அவரை விட்டால் அந்த வார்டில் ஆள் இல்லை.

அவர் பணி ஓய்வு பெற்றது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஐந்தாறு வருஷங்களில் ஒன்றில். ஆடி மாதம் மாலை போட்டு அனுப்பினார்கள். ஆவணியில் ஒரு நாள் தோசை சுட்டுக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்: "கொழுந்தனாரே, இந்தத் தீபாவளிக்கு நான் இங்கன இருக்க மாட்டேன். இம்புட்டு லோடும் வடக்கே போகுதுல்ல, அது போற ஊருக்கு நானும் போகணும். அங்கன அதை எப்படிக் கொளுத்துறாக, அம்புட்டு என்ன சந்தோசம்னு ஒரு தடவை பார்க்கணும். சத்தம் கேட்டா எண்ணாம சும்மா நின்னு பார்க்கணும். என்னால முடியுதா இல்லையான்னு தெரியணும்." தோசையைத் திருப்பினார். "முடியலைன்னா, முடியலைன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்துருதேன்."

எந்த ஊர் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அடுப்படிச் சுவரில் நான் கொடுத்த காலண்டர் தொங்கியது. விருதுநகர் ஜவுளிக்கடை ஒன்றுக்காக நான் வேலை பார்த்த அச்சகத்தில் போட்டது. தேதித் தாள்கள் தீர்ந்து மூன்று வருஷமாகியும் படத்துக்காக அதை வைத்திருந்தார். ஜெய்ப்பூர், ஹவா மஹால். காற்று வாங்குவதற்கென்றே ஒரு ராஜா கட்டிய மாளிகை. "எரிஞ்ச மேலுக்குக் காத்துதான் முதல் வைத்தியம். அதுக்குன்னே ஒருத்தர் மகால் கட்டியிருக்காருன்னா அவரைப் பார்க்காம இருக்கலாமா?" என்பார். அந்தப் படத்தை எடுத்தது எவரோ, ஆனால் அதை அச்சேற்றியது நான். அதனால் அந்த ஊருக்கே நான்தான் மேஸ்திரி என்ற தோரணையில் பல வருஷம் பேசித் திரிந்திருக்கிறேன்.

அண்ணனுக்கு மதுரைக்கு அங்கிட்டுத் தண்ணீர் ஒத்துக்காது. "ஏலே, நீ கூடப் போயிட்டு வா. உனக்குத்தான் இந்தி தெரியும்லா" என்றான். எனக்கு இந்தி தெரியும் என்று ஊரில் எல்லாரையும் நம்ப வைத்திருந்தேன். வடநாட்டு ஆர்டர்க்காரர்கள் போன் பண்ணினால் நான்தான் எடுப்பேன். மொத்த அச்சகமும் வாயைப் பிளந்து கேட்கும். எனக்குத் தெரிந்த இந்தி மொத்தம் பதினைந்து சொல். கித்னா, எவ்வளவு. ஜல்தி, சீக்கிரம். பேஜ் தியா, அனுப்பியாச்சு. கல் ஆயேகா, நாளைக்கு வந்துவிடும். காலண்டர் வியாபாரத்துக்கு இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்பட்டதில்லை. எதிர்முனையில் என்ன திட்டினாலும் கடைசியில் "கல் ஆயேகா" என்று வைத்துவிடுவேன். இந்த மூலதனத்தோடு மதினியைக் கூட்டிக்கொண்டு ஜெய்ப்பூர் போவதா? ஆனால் அண்ணனிடம் உண்மையைச் சொல்வதைவிட ஜெய்ப்பூரில் சாவது கௌரவமாகத் தோன்றியது. "அதுக்கென்ன, போயிட்டு வந்துருவோம்" என்றேன்.

சீசனில் எனக்கு லீவு கொடுத்த முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில், யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறார். சென்னை போய், அங்கிருந்து இரண்டு பகல் இரண்டு ராத்திரி ரயில். மதினி ஒரு பையோடு வந்தார். நான் பூட்டு, சங்கிலி, குரங்குக் குல்லா, வயிற்றுப்போக்கு மாத்திரை, பத்து லிட்டர் தண்ணீர், அவசரத்துக்கு ஊறுகாய். பெட்டியைச் சங்கிலியால் இருக்கையோடு கட்டி, சாவியை எங்கே வைத்தேன் என்று நாக்பூர்வரை தேடினேன். எதிரில் இருந்த குடும்பம் என்னிடம் இந்தியில் எதையோ கேட்டது. "டீக் ஹை" என்றேன், சரி என்று அர்த்தம். உடனே அவர்கள் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த ரயிலில்தான் ஒப்பந்தம் போட்டோம். காலண்டர் படத்தைச் சுருட்டி எடுத்து வந்திருந்தேன், வரைபடம் மாதிரி. அதைப் பெர்த்தில் விரித்து விரல் வைத்துக் காட்டினேன். "இங்கன பாருங்க மதினி. மகாலைப் பார்த்து நின்னா வலது கைப் பக்கம் முக்கு. முக்குல பூக்கடை. கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டா நேரா அந்தப் பூக்கடைக்கு வந்து நிக்கணும். அலையக் கூடாது." மதினியிடம் போன் கிடையாது, என்னிடம்தான் செங்கல் மாதிரி ஒன்று. "நீங்க தொலைய மாட்டீகளே?" என்றார். "மதினி, இந்தத் தெருவுல ஒவ்வொரு கல்லையும் நான் தொட்டுக் கலர் பார்த்தவன்" என்றேன்.

தீபாவளியன்று மதியம் ஜெய்ப்பூரில் இறங்கினோம். நமக்குத் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு முடிந்துபோகும். அவர்களுக்கு மாலையில் பூஜை முடித்துத்தான் தொடக்கம். காற்றில் லேசான குளிர். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. உடம்பில் வியர்வையே இல்லாமல் ஒரு பகலைக் கழிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் இருவரும் கண்டோம். மதினி நடுத்தெருவில் நின்று முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஐப்பசின்னா இப்படியா இருக்கும்? நான் ஒரு ஐப்பசியும் வெளிய வந்து பார்த்ததில்லையே" என்றார். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் பழைய நகரத்துக்குள் போனோம். கடைவீதி முழுக்கச் சரம் சரமாக விளக்கு, புதுச்சேலைக் கூட்டம், நெய் வாசனை. ரிக்‌ஷா நகர முடியாமல் இறக்கிவிட்டது. ஒரு கடையில் பட்டாசு அடுக்கியிருந்தார்கள். மதினி ஒரு பெட்டியை எடுத்து, நோயாளியின் சீட்டைப் படிக்கிற மாதிரி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்பக்கத்தில் எங்கள் ஜில்லாவின் பெயரைப் படித்தார். பூப்போல அதைத் திரும்ப வைத்தார்.

ஒரு பெரிய நாற்சந்தியைத் தாண்டித் திரும்பினோம், அவ்வளவுதான். மாளிகை அங்கே நின்றது. விளக்கு வெளிச்சத்தில் செங்கல்லும் தேனும் கலந்த நிறம். நான் அச்சில் போட்டதோ ரோஜா நிறம். கொஞ்சம் ஓவராகிவிட்டது என்று மனதில் குறித்துக்கொண்டேன். மதினி அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "எம்புட்டு ஜன்னல்..." என்று ஆரம்பித்தார்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் சரவெடி வெடித்தது.

இதற்கு மேல் நான் வீரனாக வாய்ப்பே இல்லை. எனக்கு நினைவு வந்தபோது நான் ஒரு சந்துக்குள், பிறகு இன்னொரு சந்துக்குள், ஒரு மாட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். தலையில் குரங்குக் குல்லா, கையில் சுருட்டிய காலண்டர். யாரையோ இடித்தேன், யாரோ திட்டினார்கள், பதினைந்து சொல்லில் அது இல்லை. ஒரு சுவரில் முட்டி நின்று, பழக்கப்படி திரும்பி எந்தப் பக்கம் புகை என்று பார்த்தேன். ஊரே புகை. நான்கு பக்கமும் வெடி. அப்போதுதான் பக்கத்தில் மதினி இல்லை என்பது உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. ஓடும்போது நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. பெயருக்குக்கூட "வாங்க" என்று கத்தவில்லை. காலண்டரைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன், மதினியை விட்டுவிட்டேன்.

சரி, ஒப்பந்தம் இருக்கிறதே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். சந்துகளில் சுற்றி எப்படியோ பெரிய தெருவுக்கு வந்து, மாளிகையைக் கண்டுபிடித்து, எதிரே நின்று வலது கைப் பக்கம் நடந்தேன். முக்கு இல்லை. இன்னும் நடந்தேன். பூக்கடை இல்லை. ஒரு வளைவு வாசல் வந்தது. படத்தில் அது கிடையாது. திரும்பி வந்து மறுபடியும் நின்றேன், மறுபடியும் வலது கைப் பக்கம் நடந்தேன். இப்படி நாலு தடவை. படத்தில் முக்கு இருக்கிறது, ஊரில் இல்லை. என் மூளை செய்த காரியத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்: படம் எடுத்த பிறகு முக்கை இடித்துவிட்டார்கள் போல என்று முடிவு செய்தேன். சந்தேகம் ஊர்மேல்தான் வந்தது, படத்தின்மேல் வரவில்லை.

அப்போது பார்த்து அண்ணன் போன். "சேந்துட்டீகளாலே? மதினிட்ட குடு." "மதினி... மகாலைப் பார்த்துக்கிட்டு இருக்காக அண்ணே." "சத்தம் கேக்குதே, பயந்துட்டாளா?" "யாரு, மதினியா? சே சே." "நீ?" "எனக்கென்னண்ணே." போனை வைத்ததும் ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். அறுபதை நெருங்குகிற பெண். மொழி தெரியாது. விடுதியின் பெயரையாவது அவரிடம் சொல்லியிருந்தேனா? இல்லை. ரூமுக்குக்கூட நான்தான் மேஸ்திரி. அவர் இந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ நின்று நாலால் பெருக்கிக்கொண்டிருப்பார். எண்ணாமல் ஒரு தீபாவளி பார்க்க வேண்டும் என்று முப்பது வருஷம் காத்திருந்து வந்தவரை, முதல் சத்தத்திலேயே தனியாக விட்டுவிட்டேன். ஒரு போலீஸ்காரரைப் பிடித்தேன். "பாபி..." என்றேன். அண்ணன் மனைவிக்கு இந்தியில் அதுதான் என்று சினிமா தயவில் தெரியும். அடுத்த சொல் வரவில்லை. "பாபி... பேஜ் தியா... ஜல்தி..." என்றேன். அவர் அன்பாக என் தோளைத் தட்டி, "கல் ஆயேகி", நாளைக்கு வந்துவிடுவாள், என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தனை வருஷம் அத்தனை பேருக்கு நான் சொன்ன சமாதானம், அந்த ஊரில் என்னிடமே திரும்பி வந்து சேர்ந்தது.

நான் உட்கார்ந்திருந்த படிக்கட்டு ஒரு டீக்கடையுடையது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மண்குவளையில் டீ கொடுத்தார். பேச்சு உதவாது என்று தெரிந்ததால் காலண்டரை விரித்தேன். வலது ஓரத்து முக்கில், பூக்கடையில் விரல் வைத்து, "கஹாங்?" என்றேன். எங்கே? அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. அவர் படத்தைப் பார்த்தார். முகத்தைச் சாய்த்து மறுபடியும் பார்த்தார். கீழே இருந்த கடைப் பலகைகளைக் கூர்ந்து படிக்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார், அவரும் சிரித்தார். நான் அழுகிற நிலையில் இருந்தேன். கடைக்காரர் தாளை என் கையிலிருந்து வாங்கி, முதுகைத் திருப்பி, தலைக்கு மேல் எரிந்த டியூப் லைட்டோடு சேர்த்துப் பிடித்தார்.

வெள்ளைத் தாளுக்குள் மாளிகை எழுந்து வந்தது. முக்கு இடது கைப் பக்கம் இருந்தது.

இருபது வருஷம் அச்சகத்தில் வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. படம் இருந்த பிலிம் ஸ்லைடைத் திருப்பி வைத்து ஸ்கேன் பண்ணியிருக்கிறோம். ஊரே கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகிவிட்டது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் மாதிரித் தாள் வரும்; அதைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். எழுத்து இருந்தால் தப்பு உடனே தெரியும். படத்தில் எழுத்து இருந்தது. கடைப் பலகை அத்தனையும் இந்தி. அச்சகத்தில் யாருக்கும் இந்தி தெரியாது, என் ஒருவனைத் தவிர. அதனால்தான் அந்தத் தாளை என் மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பலகை பலகையாக விரல் வைத்து, உதட்டை அசைத்துப் படித்து, "டீக் ஹை" என்று கையெழுத்துப் போட்டேன். தலைகீழாகக் கிடந்தாலும் படித்திருப்பேன்.

டீக்கு நன்றி சொல்லக்கூட நிற்காமல் இடது கைப் பக்கம் ஓடினேன். நூறு தப்படி இருக்காது. நாங்கள் முதலில் தாண்டி வந்த அதே நாற்சந்திதான் முக்கு. சாமந்தி மலைமலையாகக் குவிந்திருந்தது. பூக்காரி ஒருத்தியின் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட கூடையில், மடியில் ஒரு முழம் பூவோடு மதினி உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால். பூக்காரி இந்தியில் ஏதோ சொல்ல, மதினி சுத்தமான சாத்தூர்த் தமிழில் பதில் சொல்ல, இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க கொழுந்தனாரே. ஊரைச் சுத்திப் பார்த்துட்டீகளா?"

"வலது கைப் பக்கம்னு சொன்னேனே..." என்றேன். வேறு என்ன சொல்வது?

"சொன்னீக. மகாலைப் பார்த்தேன், முக்கு இடது கைப் பக்கம்லா இருந்துச்சு. சரி, இவுகளுக்கு வலது இடதுகூடத் தெரியாது போலன்னு முக்குக்கு வந்துட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "மதினி, நான் உங்களை விட்டுட்டு ஓடிட்டேன்" என்றேன். அதைக் கேலியாக்கிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், கேலியாக வரவில்லை. மதினி என் தலையிலிருந்து குரங்குக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தார். "நீங்க ஓடாட்டிதான் எனக்குப் பயமா இருந்திருக்கும். நம்ம ஊருல ஓடுனவுகதான் பெத்தவுகளைத் திரும்பப் பார்த்தாக. ஓடுனதுக்காக ஒருத்தர்கூட என் வார்டுக்கு வந்ததில்லை" என்றார்.

பிறகு நான் கேட்காமலே சொன்னார். நான் ஓடியபோது அவர் பழக்கப்படி சத்தம் வந்த பக்கமாக நடந்திருக்கிறார். உதடு எண்ணத் தொடங்கிவிட்டது. ஒன்று, இரண்டு, ஏழு, பதினைந்து. "நாலால பெருக்கிக்கிட்டே போறேன். நிக்கவே மாட்டேங்குது. இருபது, நாப்பது... பத்தாயிரம் வாலாச் சரவெடி போல. நம்ம ஜில்லாவுல அம்புட்டு ரூமு கிடையாது, அம்புட்டுக் கட்டில் தமிழ்நாட்டுலயே கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தா, ஒரு குடும்பம். பொம்பளைக எல்லாம் காதைப் பொத்திக்கிட்டு நிக்காக. ஒரு தாத்தா கையைத் தூக்கிக்கிட்டு ஆடுதாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு கொழுந்தனாரே. எண்ணுறதை விட்டுட்டேன்." சற்று நேரம் சாமந்தியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு. அவுகளைக் குத்தம் சொல்ல முடியாது. நல்லாத்தான் செஞ்சிருக்காக நம்ம பிள்ளைக." அழ வராது என்று சொன்னவர், அந்த நாற்சந்தியில், புகைக்கு நடுவே, மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "புகை" என்றார். நான் ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பினோம். படம் திரும்பி அச்சான கதையையும் என் கையெழுத்தையும் ரயிலிலேயே மதினியிடம் ஒப்புக்கொண்டேன். அண்ணனிடம் அவர் எதையும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த வாரம் போனபோது காலண்டர் சுவரில் இல்லை. முதுகைத் திருப்பி ஜன்னலில் ஒட்டியிருந்தது. அண்ணன் காபியை ஆற்றிக்கொண்டே, "என்னலே, டீக் ஹையா?" என்றான்.

இப்போது அந்த அச்சகத்தில் ஸ்லைடும் இல்லை, மாதிரித் தாளும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். மதினிக்கு வயது எழுபதுக்கு மேல். காது அநேகமாகக் கேட்பதில்லை. கருவி வாங்கிக் கொடுத்தோம், அது அலமாரியில் இருக்கிறது. "இந்த ஊருல காது கேக்காதது ஒரு வசதி" என்பார்.

போன சீசனில் ஒரு நாள் காலை மதினியின் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். மேற்கே, தூரத்தில் சத்தம் கேட்டது. ஒன்று. மூச்சு விடுகிற நேரம் கழித்து இன்னொன்று. டம்ளரோடு நான் வாசல்படியில் நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. திரும்பினேன். மதினிக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"சரவெடி மதினி. எவனோ கல்யாண வீட்டுல போடுதான்" என்று அவர் காதருகே கத்தினேன். "எண்ண முடியலை."

மதினி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு இந்தியும் தெரியும்" என்றார். "சரவெடிக்கு எவனாவது ரெண்டே ரெண்டு தடவை துள்ளுவானா?"

சுவரைப் பிடித்து எழுந்து, அலமாரியைத் திறந்து, துவைத்து மடித்த பழைய வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் அடுக்கினார். எட்டு. ஜன்னல் தாளில் வெயில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மாளிகையின் மேல்பாதி ஏற்கெனவே வெறும் வெள்ளை. நான் செருப்பைத் தேடினேன். வாசல்வரை வந்து மதினி என் தோளைத் தொட்டார்.

"ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சதும் வார்டு வலது கைப் பக்கம் கொழுந்தனாரே. நிஜமாவே வலது கைப் பக்கம்."